உருண்டையைக் கண்டால் ஓட்டிப் பாருங்கள்: உடற்கூறியலையும் ஸ்கேன் படங்களையும் சேர்த்துப் படிக்கும் முறை

பட்டமேற்படிப்பில் சேர்ந்து இரண்டாவது மாதம். சி.டி. அறையில் எங்கள் ஆசிரியை ஒரு வயிற்றுப் படத்தை நிறுத்தி வைத்து, கணையத்தின் தலைக்குப் பக்கத்தில் இருந்த சாம்பல் நிற உருண்டையைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார். ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். ஓரம் தெளிவாக இருந்தது, உள்ளே ஒரே சீரான சாம்பல். நான் தயங்காமல், "நிணநீர் முடிச்சு, வீங்கியிருக்கு" என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. மவுஸை என் பக்கம் நகர்த்தி, "மேலயும் கீழயும் ஓட்டிப் பாரும்மா" என்றார்.

ஓட்டினேன். நான்கு ஸ்லைஸ், அதாவது நான்கு குறுக்குவெட்டு, கீழே போனதும் உருண்டை நீண்டது. ஏழாவதில் வளைந்தது. பத்தாவதில் அதற்குள்ளே ஒரு பொட்டுக் காற்று. அது முன்சிறுகுடல். குடிக்கக் கொடுத்த கான்ட்ராஸ்ட், அதாவது குடலைப் படத்தில் வெள்ளையாகக் காட்டும் திரவம், அந்த வளைவுக்குள் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். ஒருவருக்கு இல்லாத நோயை இருப்பதாக எழுதப் போயிருப்பேன் என்ற நினைப்பில் அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

அதற்கப்புறம் பதினெட்டு வருடமாகப் படம் படிக்கிறேன். அதில் பதினொரு வருடம் சொல்லிக்கொடுக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. மருத்துவம், ரேடியோகிராபி, பிசியோதெரபி, செவிலியம் என்று எந்தத் துறை மாணவர் வந்தாலும் முதலில் சொல்வது இதைத்தான்: குறுக்குவெட்டில் உருண்டையாகத் தெரிவது ஒரு குழாயாக இருக்கலாம். குழாய் என்றால் அதற்கு ஒரு தொடக்கம் இருக்கும், ஒரு முடிவு இருக்கும். இரண்டையும் பார்க்காமல் பெயர் வைக்காதீர்கள்.

இன்னொன்று. உடற்கூறியலை முதலில் முடித்துவிட்டு, ஸ்கேன் படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். நூல்கள் உடலை முன்னாலிருந்து பின்னாலே உரித்துக் காட்டும். தோல், தசை, குடல், கடைசியில் முதுகையொட்டிய நாளங்கள். ஸ்கேனோ உடலைக் குறுக்கே அடுக்கடுக்காக வெட்டிக் காட்டும். இரண்டுக்கும் இடையில் இரண்டு மூன்று வருடம் போய்விட்டால், நன்றாகப் படித்த மாணவருக்கும் தெரிந்த உறுப்பே அடையாளம் தெரியாமல் போகிறது. கல்லீரலைப் படிக்கிற வாரமே கல்லீரலின் சி.டி.யைப் பாருங்கள். அன்றைக்கே பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

கால்மாட்டில் நின்று பார்ப்பது

குறுக்குவெட்டுப் படங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மரபுதான். நோயாளி மல்லாந்து படுத்திருக்கிறார். நீங்கள் அவருடைய கால்மாட்டில் நின்று தலைப்பக்கமாகப் பார்க்கிறீர்கள். ஆகவே அவருடைய வலப்பக்கம் உங்களுக்கு இடப்பக்கம். இதை வாக்கியமாக மனப்பாடம் செய்தால் பதற்றத்தில் மறந்துவிடும். உடன் படிக்கும் ஒருவரைப் படுக்க வைத்து, காலடியில் நின்று, அவருடைய கல்லீரலையும் மண்ணீரலையும் கையால் சுட்டிப் பழகுங்கள். கை கற்றுக்கொண்டால் அப்புறம் யோசிக்க வேண்டியிருக்காது.

படத்தைத் திறந்ததும் முதலில் இடம் வலம் குறிக்கும் எழுத்தைப் பாருங்கள், கல்லீரலை அதற்குப் பிறகு. உறுப்புகள் பக்கம் மாறிப் பிறந்தவர்களும் இருக்கிறார்கள். கல்லீரல் இருக்கும் பக்கம்தான் வலது என்று எடுத்துக்கொண்டால், அவர்களுடைய படத்தில் எல்லாமே தவறிப்போகும். அடுத்து இரைப்பைக் காற்று. காற்று எப்போதும் மேலே மிதக்கும். படத்தின் மேல்பக்கத்தில், அதாவது வயிற்றின் முன்பக்கம் தெரிந்தால் மல்லாந்த நிலை. முதுகுப் பக்கம் போயிருந்தால் குப்புறப் படுக்க வைத்து எடுத்திருக்கிறார்கள்.

அயோர்ட்டாவோடு ஒரு நடை

வயிற்றுப் பகுதிக்கு நான் கொடுக்கும் முதல் பயிற்சி இது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, இருபது நாள் செய்யுங்கள். ஒரே நோயாளியின் படத்தை இரண்டு தடவை எடுக்கக் கூடாது. கான்ட்ராஸ்ட் ஏற்றிய படமாக இருந்தால் தொடக்கத்தில் சுலபம்.

உதரவிதானத்தில் தொடங்குங்கள். 12ஆவது மார்பு முள்ளெலும்பின் முன்னால், இதயத்திலிருந்து வரும் பெருந்தமனியான அயோர்ட்டா ஒரு வெள்ளை வட்டமாக இருக்கும். மெதுவாகக் கீழே இறங்குங்கள், ஸ்லைஸ் ஸ்லைஸாக. வட்டத்தின் முன்பக்கத்திலிருந்து ஒரு தண்டு கிளம்பி, பறவை சிறகு விரித்தமாதிரி இரண்டாகப் பிரியும். அது சீலியாக் தண்டு. ஒரு சிறகு கல்லீரலுக்கு, இன்னொன்று மண்ணீரலுக்கு. இன்னும் ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்கினால் முன்பக்கமே இன்னொரு கிளை. இது உடனே பிரியாமல், தன்னைச் சுற்றி ஒரு கொழுப்பு வளையத்தோடு அயோர்ட்டாவுக்கு முன்னால் இணையாக இறங்கும். இதுதான் எஸ்.எம்.ஏ. என்று நாம் சுருக்கிச் சொல்லும் மேல் குடல்தாங்குத் தமனி. மாணவர்களிடம் அந்தக் கொழுப்பு வளையத்தை மனதில் பதித்துக்கொள்ளச் சொல்வேன். கணையப் புற்றுநோய் பரவும்போது அந்தக் கருமையான வளையம் மங்கும். அறுவை செய்ய முடியுமா என்ற கேள்விக்கு அறுவை மருத்துவர் அந்த இடத்தைத்தான் உற்றுப் பார்ப்பார்.

அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எஸ்.எம்.ஏ.வுக்கும் அயோர்ட்டாவுக்கும் நடுவில், இடது சிறுநீரகத்திலிருந்து ஒரு சிரை குறுக்கே நழுவி வந்து கீழ்ப்பெருஞ்சிரையில் சேரும். இடது ரீனல் வெயின். வலது பக்கம் நேர்மாறு: வலது சிறுநீரகத்துக்குப் போகும் தமனி கீழ்ப்பெருஞ்சிரையின் பின்னால் ஒளிந்துகொண்டு போகும். இந்த இரண்டு குறுக்குப் பாதைகளையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: "இடது சிரை முன்னாலே போகுது, வலது தமனி பின்னாலே போகுது." சொல்லும்போதே விரல் திரையில் நகர வேண்டும்.

மேலும் இறங்கினால், மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில், அதே எஸ்.எம்.ஏ.வுக்கும் அயோர்ட்டாவுக்கும் இடையில் முன்சிறுகுடலின் மூன்றாம் பகுதி வலமிருந்து இடமாகக் கடக்கும். ஏறத்தாழ அதே மட்டத்தில் அயோர்ட்டாவின் இடது முன்பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய கிளை புறப்படும், கீழ் குடல்தாங்குத் தமனி. முதல் தடவை பலருக்குக் கண்ணில் படாது. நான்காவது முள்ளெலும்பில் அயோர்ட்டா இரண்டாகப் பிரியும். அதற்கு ஒரு மட்டம் கீழே, ஐந்தாவதில், இரண்டு சிரைகள் சேர்ந்து கீழ்ப்பெருஞ்சிரை தொடங்கும். அங்கிருந்து திரும்பி சிரையோடு மேலே ஏறுங்கள், இதயத்தின் வலது மேலறைக்குள் நுழையும் வரை. ஏறும் வழியில், கல்லீரலின் மட்டத்தில், அந்தச் சிரையின் பின்னால் தலைகீழ் கமா போல ஒரு சிறிய கோடு தெரியும். வலது அட்ரினல் சுரப்பி. அதைத் தேடித் தேடிக் களைத்தவர்கள் நிறையப் பேர். கீழ்ப்பெருஞ்சிரையோடு ஏறி வந்தால் தானாகவே கண்ணில் படும்.

கணையமும் அப்படித்தான். அதை நேராகத் தேடினால் குடல் வளையங்களோடு குழப்பிக்கொள்வீர்கள். மண்ணீரலின் வாசலில் ஸ்ப்ளீனிக் வெயினைப் பிடியுங்கள். அது கணையத்தின் முதுகோடு ஒட்டிக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி வரும். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் கணையத்தின் உடலும் வாலும். அந்தச் சிரை எஸ்.எம்.வி. என்ற மேல் குடல்தாங்குச் சிரையோடு சேர்ந்து, கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் வெயின் ஆகும் இடத்துக்கு நேர் முன்னால் கணையத்தின் கழுத்து. எஸ்.எம்.வி.யோடு கீழே இறங்கினால் அதன் வலப்பக்கம் தலை, அதன் பின்னால் கொக்கிபோல் வளைந்து போவது அன்சினேட் பகுதி. எஸ்.எம்.வி. எப்போதும் எஸ்.எம்.ஏ.வின் வலப்பக்கம் இருக்க வேண்டும். இடம் மாறியிருந்தால் குடல் பிறப்பிலேயே சரியாகச் சுழலவில்லையோ என்று யோசியுங்கள்.

மார்புக்கு இதே வேலையை மூச்சுக்குழாயோடு செய்யலாம். தலைக்கு உள் கரோட்டிட் தமனியோடு, கழுத்தில் அது பிரியும் இடத்திலிருந்து மண்டையோட்டின் எலும்புக்குள் நுழைந்து வளைந்து மூளைக்குள் கிளைக்கும் வரை. முறை ஒன்றுதான்.

பென்சில்

ஓட்டிப் பார்ப்பது மட்டும் போதாது. திரை நமக்கு எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே இருப்பதால் தெரிந்துவிட்டதாக ஒரு மயக்கம் வரும். திரையை அணைத்துவிட்டு முதல் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தின் குறுக்குவெட்டை வெறும் தாளில் வரைந்து பாருங்கள். பத்து நிமிடம். அந்த மட்டத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. இரைப்பையின் கடைவாய், கணையத்தின் கழுத்து, போர்ட்டல் வெயின் பிறக்கும் இடம், எஸ்.எம்.ஏ. கிளம்பும் இடம், பித்தப்பையின் அடி, சிறுநீரகங்களின் வாசல் எல்லாம் நூல் கணக்கில் அங்கேதான் கூடுகின்றன. முதுகுத்தண்டுவடம் முடிவதும் அதையொட்டித்தான்.

முள்ளெலும்பில் தொடங்குங்கள். அதன் முன்னால் சற்று இடப்புறமாக அயோர்ட்டா, வலப்புறம் கீழ்ப்பெருஞ்சிரை. பக்கவாட்டில் சோயாஸ் தசைகள். அப்புறம் சிறுநீரகங்கள். உறுப்புகளை வெளியிலிருந்து உள்ளே வரைய ஆரம்பித்தவர்கள் கடைசியில் கணையத்துக்கு இடமில்லாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

போன வருடம் ஒரு மாணவி ஒவ்வொரு முறையும் சிறுநீரகத்தின் வாசலை நேராக நடுக்கோட்டைப் பார்த்தமாதிரி வரைந்தாள். நூலில் முன்பக்கத் தோற்றம் அப்படித்தான் இருக்கும். குறுக்குவெட்டில் வாசல் முன்பக்கமும் உள்பக்கமும் சேர்ந்த ஒரு சாய்வில் பார்க்கும், ஏனென்றால் சிறுநீரகம் சோயாஸ் தசையின் சரிவில் சாய்ந்து படுத்திருக்கிறது. அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுடைய தாளையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சிலை வாசலுக்குள் நுழைக்கிறமாதிரி வைக்கச் சொன்னேன். தாளில் பென்சில் கிடைமட்டமாக இருந்தது, படத்தில் சாய்ந்திருந்தது. அவளே தசையைக் கண்டுபிடித்தாள். அதன்பிறகு அவள் வரைந்த எந்தப் படத்திலும் அந்தத் தவறு வரவில்லை. இப்படிப்பட்ட ஒரு கண்டுபிடிப்பு நீங்கள் முதலில் தப்பாக வரைந்தால்தான் கிடைக்கும். அதனால் பார்த்து வரையாதீர்கள். நினைவிலிருந்து வரையுங்கள், பிறகு ஒப்பிட்டுச் சிவப்பு மையில் திருத்துங்கள். மறுநாள் ஒரு தடவை, நான்கு நாள் கழித்து ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை மறுபடி வரையுங்கள். பழைய தாள்களைத் தூக்கி எறியாதீர்கள்.

கீழ்ப்பெருஞ்சிரையை எல்லோரும் அயோர்ட்டா மாதிரியே உருண்டையாக வரைகிறார்கள். அது பெரும்பாலும் தட்டையான நீள்வட்டம். மூச்சுக்கும் உடலில் இருக்கும் நீர் அளவுக்கும் ஏற்ப அதன் வடிவம் மாறும்.

சாம்பல் நிறத்துக்கு எண் உண்டு

1971 அக்டோபர் 1ஆம் தேதி முதல் நோயாளிக்கு எடுத்த தலை சி.டி.யில் படம் 80க்கு 80 கட்டங்களால் ஆனது. இன்று வழக்கமாக 512க்கு 512. கட்டங்கள் எத்தனை கூடினாலும் அடிப்படை மாறவில்லை: ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். அந்தக் கருவியை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில்தான் அந்த அலகு வழங்குகிறது. 1979இல் அவருக்கும் கார்மாக்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. இந்த இரண்டும் வரையறை. கொழுப்பு மைனஸ் 100ஐ ஒட்டி. மூளைத் தண்டுவட நீர் 0 முதல் 15. மூளையின் வெண்பகுதி 30ஐ ஒட்டி, சாம்பல் பகுதி 40ஐ ஒட்டி. கான்ட்ராஸ்ட் இல்லாத கல்லீரல் 55, 60. புதிதாக உறைந்த இரத்தம் 60 முதல் 80. கெட்டியான எலும்பு 1000ஐத் தாண்டும். இந்த ஒன்பது போதும், மீதி தானாக வரும்.

இந்த எண்கள் தெரிந்தால் விண்டோ, அதாவது எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை சாம்பலாகக் காட்டுவது என்ற தேர்வு, மந்திரமாகத் தெரியாது, கணக்காகத் தெரியும். வயிற்றுக்கு நடு 40, அகலம் 400 என்று வைக்கிறோம். நாற்பதிலிருந்து இரண்டு பக்கமும் இருநூறு. ஆகவே மைனஸ் 160க்குக் கீழே எல்லாம் முழுக் கறுப்பு, 240க்கு மேலே எல்லாம் முழு வெள்ளை. நுரையீரல் மைனஸ் 700இல் இருக்கிறது. அதனால்தான் வயிற்று விண்டோவில் நுரையீரல் ஒரு வெறும் கறுப்புப் பள்ளம். அதில் ஒரு சிறு கட்டி மங்கலாக இருந்தாலும் தெரியாது. நடு மைனஸ் 600, அகலம் 1500 என்று மாற்றுங்கள், அதே பள்ளத்தில் மூச்சுக் கிளைகளும் நாளங்களும் முளைத்துவிடும். மூளைக்கு நடு 40, அகலம் 80, அதாவது 0 முதல் 80 வரைதான். வெண்பகுதிக்கும் சாம்பல் பகுதிக்கும் பத்து எண்தான் வித்தியாசம், அவ்வளவு குறுக்கினால்தான் கண் அதைப் பிரித்துப் பார்க்கும்.

3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயே மார்பு சி.டி.யும் தலை எம்.ஆர்.ஐ.யும் மாதிரிக்குக் கிடைக்கும். விண்டோவைக் கையால் இழுத்து, ஒவ்வொரு உறுப்பும் எந்த எண்ணில் தோன்றி எந்த எண்ணில் மறைகிறது என்று பாருங்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 1994இல் வெளியிட்ட விசிபிள் ஹியூமன் தொகுப்பும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஓர் ஆணின் உடலை 1 மில்லிமீட்டர் இடைவெளியில் 1,871 வெட்டுகளாக வண்ணத்தில் படமெடுத்திருக்கிறார்கள். அதே உடலின் சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களும் உண்டு. அடுத்த வருடம் வந்த பெண்ணுடலின் தொகுப்பில் இடைவெளி 0.33 மில்லிமீட்டர். வண்ண வெட்டையும் சாம்பல் வெட்டையும் ஒன்றாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

எம்.ஆர்.ஐ.யில் இப்படி நிலையான எண்கள் கிடையாது. அங்கே டி1, டி2, ஃபிளேர் என்று படவகைகள் உண்டு. எது என்று அறிய முதல் வேலை தண்ணீரைத் தேடுவது. மூளையின் நடு அறைகளையோ முதுகுத்தண்டைச் சுற்றிய நீரையோ பாருங்கள். கறுப்பாக இருந்தால் டி1 ஆக இருக்கும், வெள்ளையாக இருந்தால் டி2. நீர் கறுப்பு, ஆனால் மூளையின் வெண்பகுதி சாம்பல் பகுதியைவிடக் கறுப்பாகத் தெரிகிறது என்றால் ஃபிளேர். டி1இல் வெண்பகுதிதான் வெளுப்பாக இருக்கும் என்பதை வைத்து இரண்டையும் பிரிக்கலாம். திசுக்களில் நீர் நகர்வதைக் காட்டும் டிஃப்யூஷன் படத்தில் ஒரு வெள்ளைப் பகுதியைப் பார்த்ததும் பக்கவாதம் என்று எழுதிவிடாதீர்கள். அதோடு வரும், அந்த நகர்வை அளந்து காட்டும் ஏ.டி.சி. படத்தில் அதே இடம் கறுத்திருக்க வேண்டும்.

அல்ட்ராசவுண்டைப் பொறுத்தவரை படிப்பதைவிடக் கையில் பிடிப்பதே பாடம். மேற்பார்வைக்கு ஆள் இருக்கும்போது, சம்மதம் கேட்டு, உடன் படிப்பவர்கள்மேல் ஒருவருக்கொருவர் செய்து பாருங்கள். ஆழத்துக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் ஆய்வுகோல், தோலையொட்டிய பகுதிக்கு அதைவிட அதிக அதிர்வெண். மூச்சை இழுக்கச் சொன்னால் கல்லீரல் இறங்கி வருவதும், மூக்கால் சட்டென உறிஞ்சச் சொன்னால் கீழ்ப்பெருஞ்சிரை சுருங்குவதும் கண்முன்னே நடக்கும். எந்த வரைபட நூலிலும் இது இல்லை. பழகுவதற்காகச் சி.டி. எடுத்துக்கொள்ள யாரும் நினைக்கவே கூடாது. இயற்கையிலிருந்து நமக்கு வருடத்துக்குச் சராசரியாகக் கிடைக்கும் கதிர்வீச்சு 2.4 மில்லிசீவர்ட். ஒரு வயிற்று சி.டி. அதைப்போல் மூன்று நான்கு மடங்கு.

எக்ஸ்ரே ஒரு நிழல்

மார்பு எக்ஸ்ரேயில் ஓட்டிப் பார்க்க எதுவும் இல்லை, முழு மார்பும் ஒரே தாளில் நசுங்கிக் கிடக்கிறது. இங்கே உடற்கூறியலைப் பயன்படுத்தும் விதமே வேறு. காற்று நிறைந்த நுரையீரல் இதயத்தை உரசிக்கொண்டிருப்பதால்தான் இதயத்தின் ஓரம் கூர்மையாகத் தெரிகிறது. அந்த நுரையீரல் பகுதியில் சளியோ நீரோ நிறைந்தால் ஓரம் அழிந்துபோகும். வலது இதய ஓரத்தை உரசுவது வலது நடு மடல். உதரவிதானத்தின் வளைவை உரசுவது கீழ் மடல். ஆகவே வலது கீழ்ப்பக்கம் ஒரு வெண்மை இருந்து, இதய ஓரம் அழிந்து, உதரவிதானம் தெளிவாக இருந்தால் நிமோனியா நடு மடலில். இதய ஓரம் கூர்மையாக இருந்து உதரவிதானம் அழிந்திருந்தால் கீழ் மடலில். ஒற்றைப் படத்திலிருந்து முன்னா பின்னா என்று சொல்ல முடிவது எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது.

பார்க்கும் வரிசையை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள், யார் சொல்லும் வரிசையானாலும் சரி. ஆனால் கடைசியில் நான்கு இடங்களுக்குத் திரும்பி வாருங்கள்: இரண்டு உச்சிகள், இதயத்தின் பின்புறம், உதரவிதானத்துக்குக் கீழே, தோள் எலும்புகள்.

ஒன்றைக் கண்டுபிடித்ததும் தேடலை நிறுத்திவிடுவது மனித இயல்பு. 2013இல் வெளியான ஓர் ஆய்வில் 24 ரேடியாலஜிஸ்ட்களிடம் நுரையீரல் சி.டி.யில் சிறு கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். படத்துக்குள் ஒரு கொரில்லாவின் உருவத்தை வைத்திருந்தார்கள். சராசரிக் கட்டியைவிட 48 மடங்கு பெரியது. 20 பேர் அதைக் கவனிக்கவில்லை, அவர்களில் பெரும்பாலோரின் கண்கள் நேராக அதன்மேல் விழுந்திருந்தும். தேடச் சொன்னது ஒன்று என்றால் கண் மற்றதைக் கழித்துவிடுகிறது. அதனால்தான் நோயைத் தேடும்முன் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கடக்கச் சொல்கிறேன்.

டிஸெக்‌ஷன் ஹாலில்

தன் உடலை நமக்குக் கொடுத்துவிட்டுப் போன ஒருவரின் முன்னால் நிற்கிறோம் என்ற நினைவோடு உள்ளே போங்கள். முடிந்தால் அச்சிட்ட இரண்டு குறுக்குவெட்டுப் படங்களைக் கையில் வைத்திருங்கள். சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பை விரலால் விலக்கும்போது, சி.டி.யில் அதைச் சுற்றித் தெரியும் கறுப்பு இதுதான் என்று புரியும். அந்தக் கறுப்பில் மெல்லிய கோடுகள் ஓடினால் ஏன் கவலைப்படுகிறோம் என்பதும் அங்கே புரியும்.

வித்தியாசங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பதப்படுத்திய உடலில் நுரையீரல் சுருங்கியிருக்கும், சிரைகள் வெறுமையாகத் தட்டையாக இருக்கும். ஸ்கேனில் இருப்பவர் கைகளைத் தலைக்கு மேல் தூக்கி, மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறார். உதரவிதானம் இறங்கும், அதோடு சிறுநீரகமும் இறங்கும், மூச்சுக்குழாய் பிரியும் இடமும் இறங்கும். நூலில் ஒரு முள்ளெலும்பு எண் போட்டிருக்கும், படத்தில் அது அரை எலும்பு, ஓர் எலும்பு தள்ளி இருந்தால் பதறாதீர்கள்.

பிறப்பிலேயே மாறுபட்டவர்களும் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். கல்லீரலின் வலது தமனி எஸ்.எம்.ஏ.விலிருந்து கிளம்புவது ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு. இடது ரீனல் வெயின் அயோர்ட்டாவின் பின்னால் போவது நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு. மேலே சொன்ன அயோர்ட்டா நடையை இருபது வேறு வேறு ஆட்களிடம் செய்யச் சொன்னது இதற்காகத்தான். இயல்பான படங்களை முதலில் நூற்றுக்கணக்கில் பாருங்கள். ரேடியோபீடியா போன்ற தளங்களில் நோய்ப் படங்கள் குவிந்து கிடக்கின்றன, அவை கண்ணை இழுக்கும். ஆனால் இயல்பு இதுதான் என்று கண்ணுக்குப் பழகாதவரை இயல்பல்லாதது தெரியாது.

தவறுகளை எழுதி வைக்கும் நோட்டு

ரிப்போர்ட்டை மறைத்துவிட்டு நீங்கள் பார்த்ததை முழு வாக்கியத்தில் எழுதுங்கள், பிறகு ஒப்பிடுங்கள். தவறினால் மூன்றில் எது என்று குறியுங்கள்: கண்ணில் படவில்லை, பட்டது ஆனால் தப்பாக எடுத்துக்கொண்டேன், அந்த இடத்தின் உடற்கூறே தெரியாது. முதலாவதற்கு மருந்து பார்க்கும் வரிசையை மாற்றுவது. இரண்டாவதற்கு இன்னும் பத்துப் படம். மூன்றாவதற்கு மட்டும்தான் புத்தகம். எல்லாத் தவறுக்கும் புத்தகத்தைத் திறந்தால் நேரம் போகும், தவறு போகாது.

இருவராகப் படித்தால் ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: பெயர் சொல்லும்முன் வர்ணிக்க வேண்டும். எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, ஓரம் எப்படி, சுற்றியுள்ளதைவிட வெளுப்பா கறுப்பா, மேலேயும் கீழேயும் எதோடு தொடர்கிறது. அந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் பெயர் சொல்ல அனுமதி இல்லை.

படங்களைக் கைப்பேசியில் பிடித்துக் குழுக்களில் போடாதீர்கள். ஓரத்தில் நோயாளியின் பெயரும் எண்ணும் இருக்கும், ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் டிகாம் கோப்புக்குள் இன்னும் நிறைய இருக்கும். பெயர் நீக்கிய பிறகும் துறையின் அனுமதி வேண்டும்.

கடைசியாக ஒரு பயிற்சி. இதுவரை சொன்னது எல்லாம் கைவந்துவிட்டதா என்று பார்க்க, இயல்பான ஒரு வயிற்று சி.டி.யில் குடல்வாலைக் கண்டுபிடியுங்கள். ஆசனவாயிலிருந்து பெருங்குடலைப் பிடித்து, இடப்பக்கமாக ஏறி, குறுக்கே கடந்து, வலப்பக்கமாக இறங்குங்கள். சிறுகுடல் வந்து சேரும் வாசலின் உதடுகளில் பெரும்பாலும் கொழுப்பு இருக்கும், அந்தக் கருமை ஒரு நல்ல அடையாளம். அதற்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே, பெருங்குடல் பையின் உள்பக்கச் சுவரில் குடல்வாலின் அடி. அடி இடம் மாறாது, நுனி எங்கே வேண்டுமானாலும் இருக்கும். பலருக்குப் பையின் பின்னால் மேல்நோக்கி மடங்கியிருக்கும்.

உங்கள் கையில் சிக்கிய குழாய் போய்க்கொண்டே இருந்து மற்ற வளையங்களோடு சேர்ந்தால் அது சிறுகுடலின் கடைசிப் பகுதி. மேலே ஏறிக் கீழ்ப்பெருஞ்சிரையில் கலந்தால் அது ஒரு சிரை. ஒரு முனை பெருங்குடல் பையில் திறந்து, மறுமுனை மூடியிருப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் குடல்வால். முதல் தடவை இருபது நிமிடம் ஆகலாம். ஆகட்டும், நுனி தெரியும்வரை ஓட்டுங்கள்.